பழைய பணத்தாள்களின் மதிப்பு

1917ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசாங்கத்தார் இரண்டு ரூபாய் எட்டணா மதிப்புடைய பணத்தாள் ஒன்றை வெளியிட்டனர். பதினாறு அணா கொண்டது ஒரு ரூபாய் என வழங்கிய காலம் அது. ஆதலின் அத்தாள் இரண்டரை ரூபாய்க்கு நிகராகும். முதலாம் உலகப்போரின் விளைவாக வெள்ளியின் விலை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. மக்கள் தம் கையிலிருந்த வெள்ளி ரூபாயை வெளியே விடாது பெட்டியிலும் மண்ணிலும் மறைத்து வைத்தனர். சிலர் உருக்கியும் விற்றனர். புதிய நாணயம் அடிப்பதற்குப் போதிய வெள்ளி கிடைக்கவில்லை. அம்முட்டுப்பாட்டைத் தீர்க்கும் பொருட்டே அவ்வாண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் ஒரு ரூபாய்த் தாளும், அதனையடுத்து இரண்டரை ரூபாய்த் தாளும் தோன்றின. கலீரென ஒலிக்கும் வெள்ளியைத் தட்டிப் பார்த்து வாங்கிப் பழகிய கைகள் ஓசையற்ற காகிதத்தை ஐயத்தோடே ஏற்றன. வெள்ளித் தட்டுப்பாடு நீங்கியபின், 1926இல் அவ்விருவகைத் தாள்களும் நிறுத்தப்பட்டன. ஒரு ரூபாய்த் தாள் 1940இல் மீண்டும் வந்தது. இரண்டரை ரூபாய்த் தாளோ மீண்டும் வரவேயில்லை.

அன்று இரண்டரை ரூபாய்க்குமேல் ஒரு காசும் பெறாத அத்தாளை இன்று தொகுப்போர் பல்லாயிரக்கணக்கான ரூபாய் கொடுத்து வாங்குகின்றனர். கடைத்தெருவில் அதனை நீட்டினால் ஒரு பிடி உப்பும் கிடைக்காது. ஏலக்கூடத்தில் வைத்தால் போட்டியிட்டுக் கேட்கின்றனர். இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது? பழமை ஒன்றே இதற்குக் காரணமாயின், பழைய தாள்கள் யாவும் விலையுயர்ந்தனவாதல் வேண்டும். அங்ஙனம் இல்லை என்பதே இவ்வாராய்ச்சியிற் சுவை தருவதாகும்.

பணத்தாளுக்கு இருவகை மதிப்பு உண்டு. தாளின்மேல் அச்சிடப்பட்ட மதிப்பு ஒன்று. அதனை அரசாங்கம் அளிக்கிறது, வேண்டாதபோது அரசாங்கமே நீக்கியும் விடுகிறது. மற்றொன்று, அதனை விரும்பித் தேடுவோர் தரும் மதிப்பு. அதனைச் சட்டத்தால் அளிக்கவும் இயலாது. சட்டத்தால் நீக்கவும் இயலாது.

நம் நாட்டில் பணத்தாள் வெளியிடும் உரிமை முதலில் வங்கிகளின் கையில் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே கல்கத்தாவில் சில வங்கிகள் தம் பெயரால் தாள்களை வழங்கத் தொடங்கின. பின்னர் வங்காள வங்கி, பம்பாய் வங்கி, 1843இல் ஏற்பட்ட சென்னை வங்கி ஆகிய மூன்றும் அப்பணியை ஆற்றின. 1861ஆம் ஆண்டுக் காகித நாணயச் சட்டம் அவ்வுரிமையை வங்கிகளிடமிருந்து நீக்கி, அரசாங்கத்திற்கே உரியதாக்கிற்று. விக்டோரியா அரசியாரின் உருவம் பொறித்த தாள்கள் அச்சட்டத்தின்படி முதன்முதல் வெளிவந்தன. அவை ஒருபுறம் மட்டுமே அச்சிடப்பட்டவை. அவற்றிற்குரிய தாள் இங்கிலாந்தில் கையால் செய்யப்பட்டது. ஒளிக்கெதிரே பிடித்தால் தாளினுள்ளே எழுத்துகளும் அலைக்கோடுகளும் நீர்க்குறியாய்த் தோன்றும். அத்துணைக் காப்பு இருந்தும் கள்ளத்தாள்கள் பெருகின. ஆகவே 1867 முதல் வேறு வகைத் தாள்கள் அவற்றின் இடத்தைப் பெற்றன. ஆறே ஆண்டுகளில் மறைந்த அவ்விக்டோரியாத் தாள்களைக் கண்ணால் காண்பதும் இன்று அரிது.

அக்காலத்துத் தாளுக்கு இன்றைய தாளைப்போல நாடெங்கும் செல்லும் ஆற்றல் இருந்ததில்லை. கல்கத்தா, பம்பாய், சென்னை, கான்பூர், லாகூர், கராச்சி, இரங்கூன் எனப் பணவட்டங்கள் பல வகுக்கப்பட்டிருந்தன. ஒரு வட்டத்தில் வெளியிட்ட தாளை அவ்வட்டத்து அலுவலகத்திலேதான் உரிமையோடு நாணயமாக மாற்ற முடியும். 1903 முதல் 1911 வரை சிறிது சிறிதாகவே ஐந்து, பத்து, ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்கள் நாடு முழுமைக்கும் பொதுவாக்கப்பட்டன. ஆதலின், ஒரே ஆண்டில் ஒரே தோற்றத்தில் வெளிவந்த இரு தாள்களுள் ஒன்றில் சென்னை என்றும் மற்றொன்றில் இரங்கூன் என்றும் இருப்பின், எவ்வூர்த்தாள் மிகக் குறைவாக எஞ்சியுள்ளதோ அதுவே விலை மிகுந்ததாகிறது.

பழந்தாள் சிலவற்றின் நடுவே ஒட்டிய தழும்பு காணப்படும். அதனைக் கண்டு, எவரோ கவனமின்றிக் கிழித்துவிட்டனர் என்று எண்ணுதல் தவறு. அஞ்சல்வழிப் பணம் அனுப்பிய வணிகர், வழியில் திருட்டுப் போகாதிருக்கும் பொருட்டுத் தாளை இரண்டாக வெட்டி ஒரு பாதியை முதலில் அனுப்புவர். அது வந்துசேர்ந்த செய்தி கிடைத்த பின்னரே மறுபாதியை அனுப்புவர். பெற்றவர் இரு பாதிகளின் எண்ணையும் ஒப்புநோக்கி ஒட்டிக்கொள்வார். பாதித்தாளைத் திருடியவனுக்கு அதனால் பயனில்லை. எளிய மக்கள் தாமே கண்ட இப்பாதுகாப்பு முறை, அரசாங்கம் அமைத்த நீர்க்குறியினும் நுண்ணியது எனலாம். ஒட்டுத்தாள் முழுத்தாளினும் விலை குறைந்ததே. ஆயினும் வணிக வரலாற்றை ஆராய்வோர்க்கு அத்தழும்பே ஒரு சான்று.

இனி, பழமையையும் அருமையையும் ஒன்றெனக் கருதுவோர் மலேயா நாட்டு வாழைமர நோட்டினை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரண்டாம் உலகப்போரில் மலேயாவையும் சிங்கப்பூரையும் கைப்பற்றிய ஜப்பானியர் தம் பெயரால் டாலர்த் தாள்களை வெளியிட்டனர். பத்து டாலர்த் தாளில் வாழைமரம் வரையப்பட்டிருந்தமையின் அப்பணம் முழுவதுமே வாழையின் பெயர் பெற்றது. தொடக்கத்தில் தாள்தோறும் எண் இருந்தது. பின்னர் எண்ணும் இன்றி எழுத்துகள் மட்டுமே பொறித்து வரையறையின்றி அச்சிட்டுத் தள்ளினர். 1945இல் ஜப்பானியர் பணிந்தவுடன் அத்தாள்கள் வெற்றுக் காகிதமாயின. தோட்டத்தில் பாடுபட்டு ஈட்டிய கூலியை அத்தாள்களாகச் சேர்த்து வைத்திருந்த தமிழ்த் தொழிலாளரும் அவ்விழப்பிற்கு உட்பட்டனர். எண்பது ஆண்டு கடந்தும் எண்ணில்லாத அத்தாள்கள் மிக மலிவாகவே கிடைக்கின்றன. கோடிக்கணக்கில் அச்சிடப்பட்டு, மாற்றிக்கொடுப்பார் எவருமின்றி மக்களிடமே தங்கிவிட்ட தாள் எங்ஙனம் அரிதாகும்?

இதற்கு நேர்மாறானது 1938ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட பதினாயிரம் ரூபாய்த் தாள். 1935 ஏப்ரல் முதல் நாள் தொடங்கப்பெற்ற அவ்வங்கி, மூன்றாண்டு கழித்து ஆறாம் ஜார்ஜ் மன்னரின் உருவத்தோடு தன் முதல் தாள்களை வெளியிட்டது. ஐந்து ரூபாய்த் தாள் ஜனவரியிலும், பதினாயிரம் ரூபாய்த் தாள் ஜூனிலும் வந்தன. 1946 ஜனவரியில் ஐந்நூறு, ஆயிரம், பதினாயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லா என ஆணை பிறந்தது. வழக்கிலிருந்த ஏறத்தாழ 144 கோடி ரூபாயில் 135 கோடி ரூபாய் அளவுக்கு மக்கள் திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொண்டனர், திரும்பியவை அழிக்கப்பட்டன. பதினாயிரம் ரூபாயை நினைவுப்பொருளாகப் பெட்டியில் வைத்துப் பார்த்து மகிழும் செல்வர் அன்று எத்துணையர் இருந்திருப்பர்? ஒரு ரூபாய்த் தாளை மறந்து விட்டுவிடுதல் எளிது. பதினாயிரத்தை மறப்பார் இலர். ஆகவே, பெருமதிப்புத் தாள்கள் பெரும்பாலும் அரியனவாயிருத்தலுக்கு அவற்றின் பெருமதிப்பே காரணமாயிற்று. 1954இல் மீண்டும் வெளியிடப்பட்டு 1978 ஜனவரியில் நீக்கப்பட்ட ஆயிரம், ஐயாயிரம், பதினாயிரம் ரூபாய்த் தாள்களுக்கும் இது பொருந்தும். அவ்வாயிரம் ரூபாய்த் தாளில் தஞ்சைப் பெருவுடையார் கோயில் பொறிக்கப்பட்டிருந்தது என்பது தமிழ் மாணவர் அறிந்துகொள்ளத்தக்கது.

2016 நவம்பர் 8ஆம் நாள் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் நீக்கப்பட்டதைக் கண்டவர், அவையும் இங்ஙனமே அரியனவாகும் என்று நம்பிச் சிலவற்றைப் பொதிந்து வைத்திருத்தல் கூடும். சிறு கணக்கொன்று அந்நம்பிக்கையைத் தளர்த்திவிடும். நீக்கப்பட்ட 15.41 லட்சம் கோடி ரூபாயில் 15.31 லட்சம் கோடி ரூபாய் திரும்பிவிட்டதாக ரிசர்வ் வங்கி 2018இல் அறிவித்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் திரும்பிவிட்டது என்பது உண்மையே. ஆயினும் திரும்பாத தொகை 10,720 கோடி ரூபாய். அஃது அனைத்தும் ஆயிரம் ரூபாய்த் தாள்களே எனக் கொண்டாலும், பத்துக் கோடிக்கு மேற்பட்ட தாள்கள் உலகில் எங்கோ எஞ்சியிருத்தல் வேண்டும். பத்துக் கோடி எஞ்சியுள்ள பொருளை அரும்பொருள் என்பார் யார்? மேலும், 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, நீக்கப்பட்ட அத்தாள்களை ஒருவர் பத்துக்குமேல் வைத்திருத்தல் ஆகாது எனவும், கல்வி, ஆராய்ச்சி, நாணயவியல் ஆகியவற்றின் பொருட்டாயின் இருபத்தைந்து வரை வைத்திருக்கலாம் எனவும் வரையறுக்கிறது. மீறினால் பதினாயிரம் ரூபாயோ, தாள்களின் மதிப்பைப்போல் ஐந்து மடங்கோ, இவற்றுள் எது மிகுதியோ அது தண்டமாகும்.

தொகுப்போர் கண்ணுக்குப் புலப்படும் வேறுபாடுகள் பிறர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. நாடு உரிமை பெற்றபின், மன்னர் உருவம் நீங்கி அசோகர் தூணின் சிங்கமுகம் 1949இல் ஒரு ரூபாய்த் தாளில் இடம்பெற்றது. தொடர்ந்து வந்த தாள்களில் இந்தியில் மதிப்பைக் குறிக்கும்போது, பன்மைக்கு 'ருபயா' என்பதா 'ருபயே' என்பதா என்னும் சொற்போர் எழுந்தது. 1953ஆம் ஆண்டளவில் 'ருபயே' என முடிவாயிற்று. முன்னைய வடிவம் தாங்கிய தாள்கள் குறுகிய காலமே அச்சானமையின் அவை இன்று மிகுந்த விலைக்குப் போகின்றன. ஒருமை பன்மை மயக்கம் தேர்வுத்தாளில் மதிப்பெண்ணைக் குறைக்கும். பணத்தாளில் அது விலையைக் கூட்டிவிட்டது!

கையொப்பமும் இத்தகையதே. ஒரு ரூபாய்த் தாள் இந்திய அரசாங்கத்தின் தாள். அதில் நிதித்துறைச் செயலாளர் கையொப்பமிடுவார். ஏனைய தாள்களில் ரிசர்வ் வங்கி ஆளுநர் கையொப்பம் இருக்கும். பி. என். அதார்கர் என்பவர் 1970ஆம் ஆண்டில் மே, ஜூன் திங்கள்களில் ஆறு வாரமே ஆளுநராயிருந்தார். அவர் கையொப்பத்தோடு வெளிவந்த தாள்கள் தோற்றத்தில் முன்பின் வந்தவற்றோடு வேறுபடாவிடினும், அவ்வொரு கையெழுத்தின் பொருட்டே தேடப்படுகின்றன.

அரசியல் வரலாறும் சில தாள்களில் நேரே பதிந்துள்ளது. நாட்டுப் பிரிவினைக்குப்பின் பாகிஸ்தானுக்குத் தனி அச்சகம் இல்லாமையால், 1948இல் நாசிக் அச்சகத்து இந்தியத் தாள்களிலேயே 'பாகிஸ்தான் அரசாங்கம்' என்னும் சொற்களை மேலே அச்சிட்டு அந்நாட்டிற்கு வழங்கினர். ஆறாம் ஜார்ஜ் மன்னர் உருவமும், இந்திய ரிசர்வ் வங்கியின் பெயரும், பாகிஸ்தானின் பெயரும் ஒரே தாளில் ஒருங்கே நிற்கக் காணலாம். இன்னும் அரியவை ஹஜ் தாள்கள். அரேபியாவிற்குப் புனிதப் பயணம் செல்வோர் பயன்படுத்தும் பொருட்டு, 1959ஆம் ஆண்டையொட்டிப் பத்து ரூபாயிலும் நூறு ரூபாயிலும் வேறு நிறத்தில் தனித் தாள்கள் வெளியிடப்பட்டன. அவற்றின் எண்ணுக்குமுன் எச், ஏ என்னும் ஆங்கில எழுத்துகள் இருக்கும். இந்தியாவினுள் அவை செல்லா. பயணிகள் அங்குச் செலவிட்டபின் வங்கிகள் வாயிலாகத் திரும்பி வந்து அழிக்கப்பட்டன. எஞ்சிய நூறு ரூபாய்த் தாளொன்று 2024இல் இலண்டன் ஏலத்தில் ஐம்பதாயிரம் பவுனுக்கு மேல் விலைபோயிற்று.

அரிய தாளாயினும் அதன் நிலை கெட்டிருப்பின் விலை சரிந்துவிடும். அச்சகத்திலிருந்து வந்தவாறே மடிப்பின்றி மூலைகள் கூர்மையாக இருக்கும் தாளுக்கும், பலர் கைப்பட்டுத் துவண்ட தாளுக்கும் பத்து மடங்கு விலை வேறுபாடும் இருத்தல் கூடும். இந்தியத் தாள்களுக்கென ஒரு குறை உண்டு. வங்கிகள் கட்டுக்கட்டாக ஊசியாலும் கம்பியாலும் தைத்து வைத்தமையின், புதுத்தாளிலும் துளைகள் இருக்கும். அவ்வழக்கத்தைக் கைவிடுமாறு 2001இல் ரிசர்வ் வங்கி கட்டளையிட்டது. அதற்கு முற்பட்ட தாள்களில் அத்துளையைத் தொகுப்போர் பெரிதாகப் பாராட்டுவதில்லை.

வீட்டில் கிடைத்த பழந்தாளை அழகுபடுத்த முயன்று கெடுத்தவர் பலர். பணத்தாள் பருத்தியிழைக் கூழால் ஆயது. அதன்மேல் பசைப்பூச்சு உண்டு. சோப்பு நீரில் அலசினால் அப்பூச்சு கரைந்து தாள் உயிரற்றுத் தோன்றும். இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் மடிப்பு மறைந்தாற்போல் இருக்கும். ஆனால் அச்சில் மேடிட்டிருந்த மை தட்டையாகிவிடும். பயின்றவர் விரலால் தடவியே கண்டுகொள்வர். கிழிசலுக்குச் செல்லோட்டேப் ஒட்டுதல் இவையனைத்தினும் தீது. சில ஆண்டுகளில் அதன் பசை மஞ்சளாகிக் காகிதத்துள் ஊறிவிடும். பின்னர் எவராலும் போக்க முடியாது. அமிலமற்ற தாளுறையிலோ, பாலியெஸ்டர் உறையிலோ இட்டு, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் தட்டையாக வைத்தலே போதும். மலிவான வினைல் உறைகள் நாளடைவில் பிசுபிசுத்துத் தாளோடு ஒட்டிக்கொள்ளும்.

இத்துறையில் ஆசையைத் தூண்டி ஏமாற்றுவோரும் பெருகிவிட்டனர். டிராக்டர்ப் படம் பொறித்த ஐந்து ரூபாய்த் தாளுக்குப் பல லட்சம் தருவதாக விளம்பரங்கள் வருகின்றன. அத்தாள் மிகப் பெருந்தொகையாக அச்சிடப்பட்டது. இன்றும் சட்டப்படி செல்லுபடியாவது. கைப்பட்ட தாளாயின் அதன் விலை பெரும்பாலும் அச்சிட்ட ஐந்து ரூபாயை ஒட்டியதே. விளம்பரத்தை நம்பி ஒருவர் தொடர்பு கொண்டால், "தாள் தேர்ந்தெடுக்கப்பட்டது, பணம் அனுப்புமுன் பதிவுக் கட்டணம் செலுத்துக" என்பர். செலுத்தியபின் வரி என்பர். அதன்பின் தரகு என்பர். ரிசர்வ் வங்கியின் முத்திரையிட்ட கடிதமும் காட்டுவர். கொடுத்த பணம் போனதே முடிவாகும். ஐந்து ரூபாய்த் தாள் மட்டும் கையில் நிற்கும். தான் இத்தகைய வாணிகத்தில் ஈடுபடுவதுமில்லை, கட்டணமோ தரகோ கேட்பதுமில்லை, பிறர் எவர்க்கும் அவ்வதிகாரம் அளித்ததுமில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டுத் திங்கள் 4ஆம் நாள் வெளிப்படையாக எச்சரித்தது. உண்மையாகவே தாளை வாங்க விரும்புவோன் விற்பவனுக்குப் பணம் கொடுப்பானேயன்றி, விற்பவனிடம் பணம் கேட்பானா? பாட்டனார் பெட்டியில் கண்டெடுத்த தாளை நம்பித் தாயின் சேமிப்பை அனுப்பிவிட எண்ணும் இளைஞன், இவ்வொரு வினாவைத் தன்னுள் எழுப்பிக்கொண்டால் அத்தொகை தப்பும்.

வாங்குவோரை ஏமாற்றுவாரும் உளர். மெய்யான இந்தியத் தாளின்மேல் 'பாகிஸ்தான்' என்று இன்று அச்சிட்டு அரிய தாளென விற்றல், எண்ணில் ஓர் இலக்கத்தைச் சுரண்டி ஏழேழாக மாற்றுதல் ஆகியன அவர் கைத்திறன். இவற்றை உருப்பெருக்கிக் கண்ணாடியும், ஐயமற்ற தாளொன்றோடு ஒப்புநோக்கலும் வெளிப்படுத்திவிடும். மும்பையில் ரிசர்வ் வங்கி 2004ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் பண அருங்காட்சியகத்தில் மெய்யான பழந்தாள்களைக் காணலாம். கண் பழகினால் போலி தானே தெரியும்.

கறையும் கிழிசலும் விலையைக் குறைக்கும் என்றோம். அதற்குப் புறனடையும் உண்டு. 1918 ஜூலை 2ஆம் நாள், இலண்டனிலிருந்து பம்பாய் நோக்கிப் புறப்பட்ட 'ஷிராலா' என்னும் கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் தாக்கி மூழ்கடித்தது. அதில் வந்த புதிய இந்தியத் தாள்கள் கட்டுக்கட்டாக இங்கிலாந்துக் கரையில் ஒதுங்கின. பெரும்பாலானவற்றை அதிகாரிகள் சேர்த்து அழித்துவிட, சில மட்டும் தனியார் கையில் தங்கின. 1918 மே 25 என்னும் நாள் பொறித்த பத்து ரூபாய்த் தாள்கள் இரண்டு 2024இல் இலண்டனில் ஏலத்திற்கு வந்தன. 1922 மே 20ஆம் நாள், பிரான்சு நாட்டுக் கடற்புறத்தே மூடுபனியில் வேறொரு கப்பல் மோத, 'எகிப்து' என்னும் கப்பல் பொன்னும் வெள்ளியும் ஐதராபாத் அரசின் பணத்தாள்களும் உடன்வர ஏறத்தாழ 400 அடி ஆழத்தில் அமிழ்ந்தது. எண்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பத்தாண்டு கழித்து, 1932இல், இத்தாலிய நாட்டு மூழ்குநர் பொன்னைத் தேடி இரும்புக் கைகளை இறக்கியபோது, நிசாமின் தாள்களும் சேற்றோடு மேலே வந்தன. அரசாங்கம் அவற்றை வழங்கவே இல்லை. ஒரு கடையிலும் அவை செலவாகவில்லை. கப்பலின் பெயரை முத்திரையாகத் தாங்கிய அத்தாள்கள், உப்புநீர் அரித்த ஓரங்களோடும் பழுப்பேறிய கறையோடும் இன்று தொகுப்பாளர் உறைகளில் இருக்கின்றன.